வேலிப் பொட்டும் கண்வில்லையும்

ஆஸ்பத்திரியின் கண் விடுதித் தாதி சுவர்ணா, புத்தூரில் தன் வளவின் வேலியை, அயலார் புகுந்து வரும் பொட்டோடு பிடுங்கி ஆளுயர மதில் கட்டி, அயலோடு பேச்சைக் குறைத்தவர். ஆனால் நோயாளருக்கு விளங்கச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

கைக்குழந்தையின் கண்புரைக்கு ஒப்பரேசன் வேண்டாமென்று தாய் சாருஜா அழுதாள்.

"பிள்ளை வயித்திலை இருக்கேக்கை கிரகணத்திலை வெளியிலை போனனானாம், மிஸ்ஸி. மாமி சொல்லுறா. என்ரை பிழைக்குப் பிள்ளையை வெட்டுறதோ?"

"விசர்க்கதை கதையாதையும். கண்வில்லைக்குள்ளை ரத்தக்குழாய் இல்லை. வேலிப் பொட்டாலை கறி குடுக்கிற மாதிரி, அதின்ரை உயிர்க்கலங்கள் ஒண்டுக்கொண்டு சாப்பாடு குடுத்துத்தான் சீவிக்குதுகள். அந்தப் பொட்டை அமைக்கிற கொனெக்சின் எண்ட புரதம் பிள்ளைக்குப் பிழையாய்ப் போச்சு. அதாலைதான் வில்லை மங்கினது. பரம்பரையாலை வாறது. உம்மடை மாமிக்கும் அவவின்ரை மகன் உம்மடை மனுசனுக்கும் சின்னனிலையே ஒப்பரேசன் செய்ததெண்டு இந்தக் குறிப்பிலை கிடக்கு."

"அப்ப, மாமியாலையோ வந்தது?"

"ஓம்."

சாருஜா கண்ணைத் துடைத்தாள்.

"பேனையைத் தாங்கோ மிஸ்ஸி, கையெழுத்து வைக்கிறன்."