பல்லால் வாசித்த அண்ணன்

கிட்டாரைப் பிடரிக்குப் பின்னால் வைத்து வாசிக்கிறவனைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. டிவியில் யாராவது அப்படி வாசித்தால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன். என் மகன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் ஒரு கிட்டார் இருந்தது. அப்பாவுக்குக் கப்பலில் வேலை. சிங்கப்பூரில் இறங்கியபோது வாங்கி வந்தது. மின்சாரக் கிட்டார் அல்ல, வெறும் மரக் கிட்டார். கூடவே நாலு இங்கிலீஷ் இசைத்தட்டுகள். அதில் ஒரு அட்டையில் சடைமுடிக்காரன் ஒருவன் கிட்டாரைத் தலைக்குப் பின்னால் தூக்கிப் பிடித்து, வாயைப் பிளந்து நிற்பான். என் அண்ணன் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் உள்ளே இருந்த தட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். எங்கள் சண்டை மொத்தமும் இதுதான்.

ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து, ஒரே இடத்தை இருபது முப்பது தடவை கேட்டு, எந்தக் கம்பி, கிட்டார் கழுத்தில் எந்தக் கட்டை என்று கண்டுபிடிப்பேன். மூன்றாவது தட்டில் ஒருவன் வேகமாக வாசித்துக்கொண்டே வந்து, ஓரிடத்தில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான். அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறவர் குரல் மாதிரி இருக்கும். அந்த ஒரு சுரத்துக்காக எனக்கு ஒரு மாதம் ஆனது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து என் விரல்களைப் பார்த்துப் படித்துக்கொண்டு, கல்யாணக் கச்சேரியில் போய் வாசிப்பான். அந்தச் சுரத்தில் நிற்கவே மாட்டான். அந்த நேரத்தில் கிட்டாரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவான். ஜனம் விசிலடிக்கும். உழைத்தது நான், கைதட்டு அவனுக்கு.

அவன் கூட்டாளிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் முன்னறையில் உட்கார்ந்து விவாதம் நடத்துவார்கள். கப்பலுக்குப் போய்வந்தவர்களுக்குத்தான் அங்கே மரியாதை.

"ஏலே, ஜெர்மனில நான் கண்ணால பாத்தேன். பல்லால வாசிக்காம்ல!"

"கிட்டார்லயே தீயப் பத்த வச்சிருக்கான் ஒருத்தன், தெரியுமா?"

நான் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டே கத்துவேன்: "பாத்தீங்க சரி. கேட்டீங்களா? என்ன வாசிச்சான்னு ஒருத்தராவது சொல்லுங்க பாப்போம்."

ஒருவனும் சொல்லமாட்டான். அண்ணன் மட்டும் சொல்வான்: "ஏளா, கொழம்பு தீயுது பாரு."

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஊர் பெரியதாழை. ஈஸ்டர் கழிந்து முதல் புதன்கிழமை கோவிலில் கல்யாணப் பூசை. அக்காவுக்காக நான் ஒரு மெட்டு போட்டிருந்தேன். சின்னதுதான், மூன்று நிமிஷம்கூட வராது. அக்கா சின்ன வயதில் என்னைத் தூங்கவைக்க முணுமுணுக்கும் ஏதோ ஒன்றில் ஆரம்பித்து, அந்தத் தட்டுக்காரன் நிற்கிற மாதிரி ஒரு சுரத்தில் நின்று, பிறகு மெதுவாக இறங்கி வரும். கோவிலில், நன்மை என்கிற நற்கருணை அப்பத்தை வாங்கிவிட்டு எல்லாரும் முழந்தாளிட்டிருக்கிற அமைதியில் அதை வாசிக்க வேண்டும் என்று அக்கா கேட்டாள். எனக்கு அதைவிடப் பெரிய ஆசை அந்த வயதில் வேறு இருந்ததில்லை.

அப்பா லீவில் வந்திருந்தார். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "பொண்ணுக்குத் தங்கச்சி கிட்டாரத் தூக்கிட்டு நின்னா மாப்ள வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க? நீ பொம்பளப் பிள்ளைகளோட நின்னு பாடு. ஒங்கண்ணன் வாசிக்கட்டும்."

அழுதேன், ஒரு நேரம் சாப்பிடாமல் கிடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சரி, என் கையால் இல்லாவிட்டாலும் மெட்டாவது அக்காவுக்குப் போய்ச் சேரட்டும் என்று அண்ணனுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். அதற்குள் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்று ரெக்கார்ட் பிளேயருக்குத் துணி போர்த்திவிடுவார்கள். கிட்டார் அலமாரிக்கு மேல் ஏறிவிடும். "ஆண்டவர் பாடுபடுத நேரத்துல என்னளா டங்கு டங்குன்னு?" என்பாள் அம்மா. நாற்பது நாளும் சத்தம் வரக்கூடாது. அம்மா பூசைக்குப் போன நேரமாகப் பார்த்து நான் கிட்டாரை இறக்கி, கம்பிக்கு அடியில் துண்டை மடித்துத் திணித்துவிட்டு வாசிப்பேன். சத்தமே வராது. எந்தச் சுரம் எங்கே நிற்கிறது என்று விரலுக்கும் மனசுக்கும் மட்டும் தெரியும்.

"வாலே, இப்படியே பழகிக்கோ" என்று அண்ணனைக் கூப்பிட்டேன்.

"சத்தமே வராததுல என்னத்தப் பழகுதது?" என்றான். நாலைந்து தடவை என் விரல் போகிற இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டதோடு சரி. ஆனால் அவனும் தவக்காலம் முழுக்கப் பயிற்சி செய்தான். அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால், விளக்குமாற்றை வைத்துக்கொண்டு. முன்னால், பின்னால், தோளுக்கு மேல், பல்லுக்கு நேரே. அவன் வித்தைக்குச் சத்தம் தேவையே இல்லை, அதனால் தவக்காலம் அவனுக்குத் தடையாகவும் இல்லை.

கல்யாணத்தன்று கோவிலில் நன்மை முடிந்தது. அக்கா முழந்தாளில் இருந்தாள். முக்காட்டுக்குள் தலை குனிந்திருந்தது. அண்ணன் மைக்குக்கு முன்னால் நின்று ஆரம்பித்தான். முதல் நாலு வரி நன்றாகத்தான் வந்தது. பொய் சொல்லக்கூடாது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தச் சுரம் வரவேண்டிய இடத்தில் ஒரு தடுமாற்றம். கண்ணைத் திறந்தால் கிட்டார் அவன் தலைக்குப் பின்னால் இருக்கிறது. விரல் கம்பியைத் தேடுகிறது, மெட்டு எங்கோ போகிறது. பிறகு அதை வாய்க்குக் கொண்டுபோனான். கடித்து இழுத்தான். முதல் கம்பி அறுந்தது. அந்தச் சத்தம் மைக் வழியாகக் கோவில் முழுக்கக் கேட்டது.

மாப்பிள்ளை வீட்டு இளவட்டங்கள் கைதட்டினார்கள். பூசை வைத்த சாமியார் திரும்பி முறைத்த பிறகுதான் நிறுத்தினார்கள். அக்கா தலையை நிமிர்த்தினாள், அண்ணனைப் பார்க்கவில்லை. பாடுகிற பெண்களுக்கு நடுவில் என்னைத் தேடிப் பார்த்தாள்.

வீட்டுப் பந்தலில் அவனுக்கு ஏக மரியாதை. நான் அவனைக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன், ஏன்டா இப்படிச் செய்தாய் என்று. அவன் நிதானமாகச் சொன்னான்: "கம்பிதான போச்சி. ஒன் மெட்டு எத்தன பேருக்குப் புரியும்ளா? நான் பல்லால வாசிச்சத இன்னும் பத்து வருசம் பேசுவாங்க."

பேசினார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை. அவன் சொன்னபடியே பேசினார்கள்.

நாலு மணிக்கு அக்காவை அழைத்துப்போக வண்டி. சேலை மாற்றுவதற்கு அறைக் கதவையும் ஜன்னலையும் சாத்தினோம். அண்ணன் எறிந்துவிட்டுப் போன கிட்டார் கட்டிலில் கிடந்தது. அக்கா சேலையைச் செருகிக்கொண்டே சொன்னாள்: "நீ வாசி. நான் கேட்டுட்டுத்தான் போவேன்."

ஐந்து கம்பிதான் இருந்தது. மெட்டைக் கீழே இறக்கி, தடித்த கம்பிகளிலேயே வாசித்தேன். நாற்பது நாள் சத்தமில்லாமல் வாசித்தது இப்போது என் கையில் சத்தமாக வந்தது. அந்தச் சுரத்தில் நின்றேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே பேச்சு அடங்கியது எனக்கே தெரிந்தது.

மாப்பிள்ளையின் அப்பா குரல் கேட்டது: "யாரு சம்பந்தி உள்ள வாசிக்கது? ஒம்ம மவன் இங்கனல்லா நிக்கான்?"

அப்பா சொன்னார்: "அது டேப்பு. சிங்கப்பூர்ல வாங்குனது."

"அதானே பாத்தேன். வெள்ளக்காரன் வாசிப்பே தனிதான்!"

"ஆமா மாமா," என்றான் அண்ணன், "நல்ல டேப்பு."

எங்கள் வீட்டில் டேப் ரிக்கார்டரே கிடையாது.

என் கை நின்றுவிட்டது. இசை காதுக்குத்தான், கண்ணுக்கு இல்லை என்று அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் கத்தியவள் நான். இதோ, கேட்டார்கள். பந்தலே பேச்சை நிறுத்திக் கேட்டது. அது போதாதா? போதவில்லை. யார் என்னவும் சொல்லிக்கொள்ளட்டும், எனக்குப் போதவில்லை.

"தெறளா அந்த ஜன்னல" என்றாள் அக்கா.

இரண்டு கதவையும் சுவரில் அடிக்கிற மாதிரி தள்ளித் திறந்தேன். ஜன்னல் திண்டில் ஒரு காலைத் தூக்கி வைத்து, கிட்டாரைத் தொடையில் ஏற்றி, பந்தலைப் பார்த்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். சம்பந்தி என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். அண்ணன் வாய் திறந்திருந்தது. அப்பா கையிலிருந்த வெற்றிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்கிற வரைக்கும் நான் அந்தச் சுரத்தை விடவில்லை.