தவமலர் மறைக்காத வாக்கியம்

தவமலர் இறந்த செய்தியை அவருடைய தம்பி குமார் தொலைபேசியில் சொன்னபோது, நான் போர்கோ வெக்கியோ சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். "மாஸ்டர், அக்கா போயிட்டா. காலமை நெஞ்சு நோகுது எண்டவ, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரேல்லை." இன்னொன்றும் சொன்னார். "முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நீங்கள்தான் எழுதவேணும். லிபெர்த்தாத் தெருவிலை வயதுபோன சிஞ்ஞோரா அம்மாவைப் பராமரிச்சது, கோயில் அன்னதானத்துக்குச் சமைச்சது எல்லாம் எழுதுங்கோ. அந்த அடிகாரரின்ரை வகுப்பு மட்டும் வேண்டாம். சனம் கதைக்கும்."

சனம் ஏற்கெனவே கதைக்கிறது. ஆகவே அதைத்தான் எழுதப்போகிறேன்.

மனைவியை அடித்த கணவனுக்கு இங்கே இத்தாலியில் நீதிமன்றம் சில வேளைகளில் சிறைத்தண்டனையை நிறுத்திவைக்கிறது. உளவியலாளர் நடத்தும் வகுப்புக்கு அவன் கிழமைதோறும் போகவேண்டும் என்பது நிபந்தனை. இத்தாலியன் போதாத நம்மவர்களுக்கு அந்த அறையில் மொழிபெயர்த்தவர் தவமலர். உள்ளே பேசுவது வெளியே போகாது. யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டும் போகும். முதல் நாளே இந்த விதியைத் தமிழில் சொல்லி, "விளங்கினதோ?" என்று கேட்டு, "ஓம்" என்ற பிறகுதான் கதவைச் சாத்துவாராம். அங்கே நடந்த எதையும் அவர் எனக்குச் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், மொண்டெல்லோ உணவகமொன்றில் வேலைசெய்து, அந்த வகுப்புக்குப் போய்வந்த ஒருவர் கோயில் மண்டபத்தில் எல்லார் முன்னாலும் முறையிட்டது.

"நான் 'அடி விழுந்திட்டுது' எண்டனான். அக்கா அதை அப்பிடியே இத்தாலியன்லை சொல்லிப்போட்டா. வகுப்பு நடத்திற அந்தாள் என்னைப் பார்த்து, எங்கையிருந்து விழுந்தது எண்டு கேக்கிறான்."

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். பல வருடம் இலக்கணம் படிப்பித்தவன் நான். வகுப்பில் யன்னலை உடைத்த பிள்ளை, "கண்ணாடி உடைஞ்சிட்டுது, சேர்" என்றுதான் சொல்லும். யார் உடைத்தது என்று விடாமல் கேட்பேன். வளர்ந்தவர் அதே மாதிரிப் பேசும்போது மட்டும் அதைப் பண்பு என்று எடுத்துக்கொண்டேன்.

"கொஞ்சம் நல்லமாதிரிச் சொல்லுங்கோவன் அக்கா எண்டு கெஞ்சினன். அதையும் சொல்லிப்போட்டா," என்றார் அவர். வெளியே வந்து கேட்டதற்குத் தவமலர் சொன்ன பதில்: "தம்பி, உள்ளுக்கு நீர் இருமினாலும் நான் இத்தாலியன்லை இருமுவன்."

சில கிழமைக்குப் பிறகு அவர் திரும்ப முறையிட்டார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. "அவ இன்னொருக்கா கோர்ட் வாசலை மிதிச்சா, உயிரோடை திரும்பமாட்டா" என்று மனைவியைப் பற்றி வகுப்பில் சொல்லிவிட்டு, "அக்கா, இது உங்களுக்குச் சொன்னது, அவைக்கில்லை" என்றிருக்கிறார். தவமலர் இரண்டு வாக்கியத்தையும் மொழிபெயர்த்தார். அன்றே அந்த மனைவியையும் மகளையும் அதிகாரிகள் வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள். வழக்கு திரும்பவும் நீதிபதியிடம் போயிற்று. மண்டபத்தில் இருந்தவர்கள் தவமலரைக் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள். அவன் சொன்னது சரியா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவருக்காக நீதிபதிக்கு ஒரு நற்சான்றுக் கடிதம் எழுதும்படி என்னைக் கேட்டார்கள். எழுதினேன். 'குடும்பத்தில் ஏற்பட்ட ஒரு சிறு மனத்தாங்கல்' என்று நல்ல தமிழில் எழுதி, இத்தாலியனில் மாற்றித் தரும்படி தவமலரிடமே கொண்டுபோனேன்.

இரண்டு தரம் வாசித்தார். "ஏற்பட்டதோ, மாஸ்டர்? அதென்ன மழையோ?"

கடிதத்தை என்னிடமே திருப்பி நீட்டினார்.

"அந்தப் பிள்ளையை, அவன்ரை மனிசியை, ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

"இல்லை."

"பிறகு என்னத்தைத் தெரிஞ்சு கையெழுத்து வைக்கிறியள்? தாங்கோ, மாத்தித் தாறன். என்ன ஏற்பட்டது எண்டு நீதிபதி உங்களைக் கூப்பிட்டுக் கேட்டால், பக்கத்திலை நிண்டு அதையும் மொழிபெயர்ப்பன்."

கடிதத்தைக் கிழித்தேன். அந்த வகுப்பால் யாராவது திருந்தினார்களா என்று கேட்டேன். "திருந்தினதெண்டு சொல்ல எனக்குப் படிப்பில்லை, மாஸ்டர். மறைச்சுச் சொன்னால் ஒருத்தனும் திருந்தான், அது தெரியும்."

அதன்பிறகு அன்னதானச் சமையலுக்கு அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவர் வரிசையில் நின்று, வாங்கி, நடுமண்டபத்தில் இருந்து சாப்பிட்டார். "சாம்பாருக்கு உப்புக் காணாது" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். இன்றைக்கு அந்தச் சமையலைத்தான் மலரில் புகழச் சொல்கிறார்கள்.

செத்தவீட்டிலும் ஒருவர், "குடும்பம் பிரிச்சவ" என்றார். அவருக்கும் உங்களுக்கும் சொல்கிறேன்: அந்தக் குடும்பத்தைப் பிரித்தவர் அடித்தவர்.

நேற்று அந்த மனைவி என்னை அழைத்தார். செத்தவீட்டுக்கு வர முடியாமற்போனதைச் சொல்லி அழுதார். மலரில் தனக்கு ஒரு வரி தரமுடியுமா என்று கேட்டார். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்.

தவமலரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதுதான்: ஒருவர் சொன்னதைச் சொன்னபடியே மற்றவருக்குச் சொல்வது. அந்த வரியை நான் திருத்தவில்லை. வேண்டுமானால் என் கட்டுரையை வெட்டுங்கள், இந்த வரியை அப்படியே விடுங்கள்.

"அக்கா சொன்னதாலை நானும் மகளும் இருக்கிறம்."