வேண்டாததை அடிக்கவும்

வயர்லெஸ் ஸ்டாண்டர்டு என்ற சொல்லை முதன்முதலில் கேட்ட மாதத்திலேயே நான் ஒரு ஸ்டாண்டர்டை நிறுத்தியும் வைத்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, சிரிப்பை அடக்க முடியாமல் சொல்கிறேன்.

அதற்கு முன் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிரே பத்து வருடம் விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுத்தவள் நான். செங்கம் ரோட்டில் ஒரு கஃபேயின் மாடியில் இருந்த சின்ன வயர்லெஸ் கம்பெனியில் பேப்பர் வேலைக்குச் சேர்ந்தேன். தண்ணீர் மீட்டர் ஒரே பேட்டரியில் பல வருடம் சிக்னல் அனுப்ப முதலாளி சலீம் சார் ஒரு வழி கண்டுபிடித்து, பேட்டண்டும் வாங்கியிருந்தார். எல்லா நாட்டு மீட்டரும் பின்பற்ற வேண்டிய பொது விதிமுறையை, அதாவது ஸ்டாண்டர்டை, வகுக்கும் உலகக் குழுவும் அதையே தேர்ந்தெடுத்திருந்தது. கடைசி நேரத்தில் ஒப்புதல் கிடைக்காவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான்.

ஒப்புதலுக்கு ஒரு படிவம். அதில் மூன்று பெட்டி: பேட்டண்டை இலவசமாகத் தருவோம், நியாயமான கட்டணத்துக்கு எல்லோருக்கும் தருவோம், தரவே மாட்டோம். எங்களுடையது இரண்டாவது. நான் பழக்கதோஷத்தில் வேண்டாத ஒன்றையும் மூன்றையும் பெருக்கல் குறி போட்டு அடித்துவிட்டு, இரண்டைச் சுத்தமாக விட்டேன். சார் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

ஒப்புதல் கூட்டம் ஆன்லைனில் நடந்தது. தலைவர் ஓர் ஐரோப்பியப் பெண்மணி. எங்கள் படிவத்தைத் திரையில் காட்டி, “இவர்கள் இலவசமாகவும் தருவார்களாம், தரவும் மாட்டார்களாம்” என்று இங்கிலீஷில் சொன்னார். அவர்கள் ஊரில் பெருக்கல் குறி போட்டால் அதைத் தேர்ந்தெடுத்ததாக அர்த்தமாம். மூன்றாவது பெட்டியில் குறி இருந்தால் அந்தத் தொழில்நுட்பத்தையே நீக்க வேண்டும் என்பது விதி.

நான் சாரைத் திரும்பிப் பார்த்தேன்.

“இன்னாம்மா இது?” என்றார் சார்.

“வேணாததை அடிச்சேன் சார். எப்பவும் அப்படித்தானே அடிப்போம்.”

“நானும் பாத்துட்டுதானே சைன் போட்டேன்” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

போட்டிக் கம்பெனியின் வக்கீல் விடவில்லை. குறி குறிதான், இவர்களை நீக்கிவிட்டு எங்கள் வழியைச் சேருங்கள் என்றார். தலைவர் ஐந்து நிமிடம் இடைவேளை விட்டார்.

பேட்டண்ட் வைத்திருக்கும் எல்லோருடைய படிவமும் அந்தக் குழுவின் வலைத்தளத்தில் இருக்கும். அழுகையை அடக்க ஏதாவது செய்ய வேண்டுமே என்று அந்த வக்கீலுடைய கம்பெனியின் படிவத்தைத் திறந்தேன். அவர்களுடைய பெங்களூரு கிளையில் பூர்த்தியானது அது. ஒன்றிலும் மூன்றிலும் பெருக்கல் குறி. இரண்டாவது பெட்டி பளிச்சென்று காலி.

நான் சிரித்த சிரிப்பில் கஃபேக்காரர் மாடியேறி வந்து எட்டிப் பார்த்தார். சாருக்கும் கண்ணில் நீர் முட்டும்வரை சிரிப்பு. “நீயே சொல்லும்மா” என்று மைக்கை என் பக்கம் தள்ளினார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: எங்கள் நாட்டில் வேண்டாததை அடிப்போம், நம்பிக்கையில்லை என்றால் வக்கீல் ஐயா தன் கம்பெனிப் படிவத்தையே பார்க்கட்டும். அவர் பார்த்தார். உடனே தன் ஆட்சேபணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தலைவர் சிரித்துக்கொண்டே இரண்டு கம்பெனிக்கும் திருத்தி அனுப்ப ஒரு மணி நேரம் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் எங்கள் வழி ஸ்டாண்டர்டில் சேர்ந்துவிட்டது.

மறுநாள் பெங்களூருவிலிருந்து ஒரு போன்.

“மேடம், அந்த ஃபார்மை ஃபில் பண்ணது நான்தாங்க. எனக்குப் போளூர். முன்னாடி தாலுகா ஆபீஸ் வாசல்ல மனு எழுதிக்கினு இருந்தேன்.”

“வக்கீல் திட்டினாரா?”

“ஜாஸ்தியாவே திட்டினாருங்க. இனிமே எப்படிப் போடணும்னு உங்களையே கேக்கச் சொல்லிட்டாரு.”

அவருக்குச் சொன்னதைத்தான் இப்போது வேலைக்கு வருபவர்களுக்கும் சொல்கிறேன். பெட்டியில் குறி போடுவதற்கு முன், அதைப் படிக்கப்போகிறவர் எந்த ஊர்க்காரர் என்று கேளுங்கள். நான் இன்றைக்கும் குறிக்குப் பக்கத்தில், ‘இதுதான் வேண்டும்’ என்று எழுத்திலும் எழுதிவிடுகிறேன்.