காடாத் துணி நிறத்தில் ஓர் அறை

1. மூன்று மணிக்கு மாறிய சுவர்

புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, முந்தின நாள் நான் அடித்த சுவர் ரோஸ் நிறமாக மாறிவிட்டது. 1950களின் தொடக்கம். சொந்தப் பொறுப்பில் நான் எடுத்த முதல் வேலை அது.

ராயபுரத்தில் ரயில் என்ஜின் ஃபயர்மேன் மாணிக்கம் அண்ணனின் வீடு. கரிப்பொறி விழுந்து, கண்ணில் ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் இருந்தார். வெள்ளிக்கிழமை வருகிறார். வெள்ளைச் சுவர் கூசும், அடர்ந்த நிறம் அறையை இருட்டாக்கும், இரண்டும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணனின் மனைவி கனகா அக்கா, சலவை பார்க்காத காடாத் துணியில் ஒரு முழம் கிழித்து என்னிடம் கொடுத்தார்.

"இத்த மாதிரி வோணும் நைனா. கண்ணுல பட்டும் படாம இருக்கணும்."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கணக்குப் போட்டு நிறம் கலக்கத் தெரியாது. சுண்ணாம்பில் மஞ்சள் காவியைக் கையளவாகப் போட்டு, கரித்தூளைச் சிட்டிகையாகச் சேர்ப்பேன். சுண்ணாம்பு ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். அதனால் செங்கல் ஒன்றில் பூசி, தெரு வெயிலில் காயவைத்துப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். ஐந்து செங்கல் பூசினேன். ஐந்தாவது, துணியோடு அச்சாக ஒத்துப்போனது. இருந்தும் ஆறாவது பூசினேன். என் சுபாவம் அப்படி. ஏணிக் கயிற்றையே மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன்.

கூட்டாளி காசிம் சிரித்தான். "மாமு, செங்கல்லு காயறதுக்குள்ள நீ காஞ்சிடுவ போலக்கீதே!"

அத்தனை பார்த்தும் இப்படி ஆகிவிட்டது. கனகா அக்கா வாசற்படியில் நின்று சுவரைப் பார்த்தார்.

"இன்னா நைனா இது? சீமந்தத்துக்கு ஜோடிச்ச மாதிரி கீது? நான் குடுத்த துணி இன்னா, நீ அடிச்சிகீறது இன்னா?"

"காத்தால சரியாத்தான் இருந்துச்சிக்கா..."

"அந்த மன்சன் படுத்துக்கினு நாள் பூரா இத்தத்தான் பாக்கணும். கண்ணு கெட்டுப்போனா நீயா என்ஜின் ஏறுவ?"

அவர் குரல் உடைந்துவிட்டது.

2. துணியும் சிவந்தது

தப்பு எங்கே என்று தெரியாமல், அந்தக் காடாத் துணியையே எடுத்துச் சுவரோடு வைத்துப் பார்த்தேன். துணியும் ரோஸாக இருந்தது!

சன்னல் பக்கம் திரும்பினேன். சந்துக்கு எதிரே துறைமுகச் சரக்குக் கிடங்கின் உயரமான தகரச் சுவர். உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் இருக்கச் செங்காவி பெயிண்ட் அடித்திருந்தார்கள். மேற்கு வெயில் அதன்மேல் விழுந்து, சிவப்பு முழுவதும் அறைக்குள் வந்துகொண்டிருந்தது. முந்தின நாள் பிற்பகலில் சுவர் ஈரமாக இருந்தது; காலையில் வெயில் கிடங்குக்கு அந்தப் பக்கம் இருந்தது; அதனால் ஒன்றும் தெரியவில்லை. அழுத்தமான நிறமென்றால் இதை வெளியே காட்டியிருக்காது. மென்மையான நிறம் பக்கத்திலிருப்பதன் சாயலை அப்படியே வாங்கிக்கொள்ளும். நான் செங்கல்லைத் தெருவில் பார்த்தேனே தவிர, அண்ணன் படுக்கப்போகும் இடத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

அக்காவைக் கூப்பிட்டுத் துணியைக் காட்டினேன். "அந்தத் தகரம் பண்ற வேலையா இது?" என்று கிடங்கை முறைத்தார்.

பழைய கலவையில் கொஞ்சம் நீலம் சேர்த்தால் சிவப்பு அடங்கும் என்று தோன்றியது. இந்த முறை செங்கல்லைக் கட்டிலின் தலைமாட்டில் நிறுத்திவைத்து, சந்தில் வெயில் இறங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வியாழக்கிழமை விடிந்ததும் ஆளுக்கு இரண்டு சுவராக அடித்தோம்.

காலை வெளிச்சத்தில் சுவர் லேசாகச் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. "கலீஜா கீதா?" என்று காசிமை எத்தனை முறை கேட்டேனோ தெரியாது. அவன் கும்பிட்டே விட்டான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மாணிக்கம் அண்ணனைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்து பச்சைக் கண்மறைப்பை மெல்லத் தூக்கினார். நான் கதவோரம் நின்றேன். நான்கு பக்கமும் பார்த்தார்.

"இன்னாமே, சொவரு அடிக்க ஆள் வுட்டுகீறேன்னியே. இன்னும் வர்லியா அவனுங்க?"

காசிம் வாயைப் பொத்திக்கொண்டான். எனக்கு முகம் தொங்கிவிட்டது. அக்கா மட்டும் அவர் பக்கத்தில் குனிந்து கேட்டார்.

"கூசலியா உனுக்கு?"

"கூசறதுக்கு இங்க இன்னா கீது?"

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது, அது எனக்குக் கிடைத்த பாராட்டு என்று.

புதிதாக பிரஷ் பிடிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: நிறத்தைத் தெருவில் முடிவு செய்யாதீர்கள். அந்த அறையில் வாழப்போகிறவர் உட்காரும் இடத்தில் நீங்களும் ஒரு பகல் உட்காருங்கள். அந்த ராயபுரம் வேலைக்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் பூசிய செங்கல்லை அறைக்குள் வைத்துவிட்டு, நானும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வேன். "இன்னா, கல்லுக்குக் காவலா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு, மூன்று மணி ஆகட்டும் என்று காத்திருப்பேன்.