பல்முறியில் சொன்ன ஸ்தோத்திரம்

எங்கள் வீட்டில் குழந்தை பேசக் கற்றதும் முதலில் பழக்கப்படுத்துவது நன்றி சொல்வதைத்தான். ஆண்டவருக்கு ஒரு முறை, பெரியப்பாவுக்கு ஒரு முறை. அத்தான் இறந்து, அக்கா இரண்டு பிள்ளைகளோடு மைசூருக்குத் திரும்பி வந்த பிறகு இந்த இரண்டாவது நன்றி அதிகமாயிற்று. பெரியப்பாவின் பேரப்பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன துணிகள் கிறிஸ்துமஸுக்கு அக்கா பிள்ளைகளுக்கு வரும். அவற்றைப் போட்டுக்கொண்டு கூடத்தில் எல்லோர் முன்னாலும் நின்று நன்றி சொல்ல வேண்டும். "அது என் பாவாடை" என்று பேத்தி விரல் நீட்டுவாள். அக்கா மகள் தரையைப் பார்த்துக்கொண்டே நன்றி சொல்லி முடிப்பாள்.

நான் அப்போது ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ரத்தமும் சளியும் பரிசோதிக்கும் வேலையில் இருந்தேன். எதையும் கலக்காமல் வரிசையாக வைப்பது அங்கே படிந்த பழக்கம். வீட்டில் நடந்தவற்றையும் மனதுக்குள் அப்படித்தான் வைத்திருந்தேன். பாவாடை. அக்கா மகன் சின்னவனுக்குப் பாதி வாழைப்பழம் கொடுத்துவிட்டு முழுப் பழத்துக்கு நன்றி கேட்ட பெரியம்மா. காய்ச்சலோடு எழுந்து வந்து அக்கா பதினைந்து பேருக்குத் தோசை சுட்ட காலை. எதையும் நான் மறக்கவில்லை. மறக்க விரும்பவும் இல்லை.

மண்டி மொஹல்லாவில் நாங்கள் இருந்த வீடு தாத்தா கட்டியது. முன்கட்டு பெரியப்பாவுக்கு, பின்கட்டு அறைகள் எங்கள் அப்பாவுக்கு என்று அவர் பிரித்துக் கொடுத்திருந்தார். அப்பாவும் அம்மாவும் போன பின்பு, நாங்கள் அங்கே இருப்பதே பெரியப்பாவின் தயவு என்றாகிவிட்டது. அவருக்குச் சாக்கும் கயிறும் விற்கும் மொத்த வியாபாரம். அரிசிக் கட்டுப்பாடு தளர்ந்ததும் சாக்குக்குக் கிராக்கி ஏறியது. கிடங்குக்கு இடம் போதவில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்த வாரம் குடும்பமாக எங்காவது போய்ச் சமைத்துச் சாப்பிட்டு வருவது வழக்கம். அந்த வருடம் பல்முறிக்குப் போனோம். அங்கே காவிரி ஒரு பழைய தடுப்பணை மேல் மெல்லிசாக வழியும். குழந்தைகளைப் பயமில்லாமல் தண்ணீரில் உட்கார வைக்கலாம். பெரியப்பாவின் கடை லாரியைக் கழுவி ஜமக்காளம் விரித்திருந்தார்கள். சாக்கு நாற்றம் போகவில்லை. டிரைவர் பக்கத்தில் எங்கள் சபைக்குப் புதிதாக வந்திருந்த போதகர் உட்கார்ந்திருந்தார்.

"சித்தி, லாரி யாருது?" என்றான் சின்னவன்.

"தாத்தாவோடது."

"அப்ப இதுக்கும் நன்றி சொல்லணுமா?"

"சொல்லணும்."

"ஹாரனுக்குத் தனியாவா?"

அக்கா சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஆற்றோரம் கல் கூட்டி அடுப்பு மூட்டினோம். பிள்ளைகள் தண்ணீரில் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் அக்காவும் வெங்காயம் உரிக்கும் இடத்துக்குப் பெரியம்மா வந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கு ஜெபத்துல பெரியப்பா சொல்லிடுவார். ரெண்டு பிள்ளைங்களையும் கோலார்ல அநாதைப் பிள்ளைங்க ஹாஸ்டல்ல சேர்க்கறதா முடிவாயிடுச்சு. போதகர் காதுல விழுந்தா அவரே லெட்டர் எழுதிக் குடுத்துடுவார்."

அக்காவின் கை நின்றது. "சின்னவன் இன்னும் என் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கறான் பெரியம்மா."

"அங்க போனா எல்லாம் ஸரி ஆகும்," என்றார் பெரியம்மா, கன்னடம் கலந்த தன் தமிழில். "சும்நே அழாதே. பின்கட்டுல சாக்கு அடுக்கணும்னு அவருக்கும் நெருக்கடி இருக்கில்ல? எந்திரிச்சு ஒரு ஸ்தோத்திரம் சொல்லிடு, போதும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும் உம்முன்னு உட்காராதே."

"இல்ல பெரியம்மா. நானும் சொல்றேன்."

எங்கள் குடும்ப ஜெபத்துக்குப் பெரியப்பா வகுத்த சட்டங்கள் உண்டு. எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இளையவரில் தொடங்கி மூத்தவர் வரை ஒவ்வொருவராக ஆண்டவருக்கு நன்றி கூறி ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். ஒருவர் ஜெபிக்கும்போது குறுக்கே யாரும் பேசக் கூடாது. "ஆமென்" மட்டும் சொல்லலாம். அதை எல்லோருக்கும் முன்னால், எல்லோரையும்விட உரக்கச் சொல்வார் பெரியப்பா. கடைசி ஜெபம் அவருடையது. முடிவுகளை அதில்தான் அறிவிப்பார். கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்லிவிட்ட ஒன்றை, கண்ணைத் திறந்தபின் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

சின்னவன் தொடங்கினான். "லாரிக்காக ஸ்தோத்திரம். ஹாரனுக்காக ஸ்தோத்திரம். அம்மாவுக்காக ஸ்தோத்திரம்." ஆமென். அவன் அக்கா தண்ணீருக்காகச் சொன்னாள். பேரப்பிள்ளைகள் முடித்தார்கள். என் முறை வந்தது.

"ஆண்டவரே, எங்கள் பெரியப்பாவுக்காக ஸ்தோத்திரம்."

"ஆமென்" என்றார் பெரியப்பா, திருப்தியாக.

"அத்தானை அடக்கம் பண்ணின அன்று, இந்தப் பிள்ளைகள் இனி என் பிள்ளைகள், என் வீட்டில்தான் வளருவார்கள் என்று சபைக்கு முன்னால் அவர் கொடுத்த வாக்குக்காக ஸ்தோத்திரம்."

"ஆமென்."

"சொன்ன வாக்கிலிருந்து அவர் இன்றுவரை மாறாததற்காக ஸ்தோத்திரம்."

"ஆமென்" என்று பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். தொண்டையைச் செருமினார். ஆனால் அவருடைய சட்டம் அவரையும் கட்டியது. நான் நிறுத்தவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"எங்கள் அப்பாவின் பங்கான பின்கட்டு அறைகளை, கிடங்குக்கு இடமில்லாத இந்த நெருக்கடியிலும், தகப்பனில்லாத பிள்ளைகளுக்கென்று அவர் விட்டு வைத்திருப்பதற்காக ஸ்தோத்திரம். இவர்களை ஹாஸ்டலுக்கு அனுப்பலாம் என்று யார் யோசனை சொன்னாலும் கேட்காத அவர் மனசுக்காக ஸ்தோத்திரம்."

இந்த முறை உரக்க ஆமென் சொன்னவர் போதகர். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். பெரியப்பாவின் கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது. ஊசி ஏற்றுவதற்கு முன் நரம்பைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தேன். அவ்வளவு இனிமையான எதையும் அதுவரை நான் பார்த்ததில்லை.

அடுத்து அக்கா. "ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லி விம்மினாள். போதகர் அதை நன்றிக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார். பெரியப்பாவின் ஜெபம் சாப்பாட்டை ஆசீர்வதித்ததோடு முடிந்துவிட்டது. கண் திறந்ததும் போதகர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சத்தியமா எனக்கு இதெல்லாம் தெரியாது ஐயா. இப்படிப்பட்ட மனுஷர் நம்ம சபையில இருக்கறது பெரிய சாட்சி. ஞாயிற்றுக்கிழமை நான் இதைப் பிரசங்கத்துல சொல்லியே ஆகணும்."

"அதெல்லாம் எதுக்கு" என்றார் பெரியப்பா.

என் இலையில் சித்ரான்னம் வைக்கக் குனிந்த பெரியம்மா, "ஜெபத்துல போய் விளையாடுவியாடி?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நன்றிதானே பெரியம்மா சொன்னேன். நீங்கதானே சொல்லச் சொன்னீங்க."

இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

போதகர் சொன்னபடியே செய்தார். ஞாயிற்றுக்கிழமை சபை முழுவதும் திரும்பிப் பார்க்க, பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பணிவு என்றார்கள். நான் இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்து அந்தப் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரக்கம் வருகிறதா என்று ஒருமுறை சோதித்துக்கொண்டேன். வரவில்லை. அதன் பிறகு வந்த ஒவ்வொரு குடும்ப ஜெபத்திலும் அதே ஸ்தோத்திரங்களை, ஒன்றையும் விடாமல், அதே வரிசையில் சொன்னேன். சாக்குக் கிடங்குக்கு அவர் வேறு தெருவில் இடம் பிடித்தார்.

ஜூனில் அக்கா மகளை மைசூரிலேயே பள்ளியில் சேர்த்தோம். வீட்டு ஆண் யாராவது வர வேண்டும் என்றார்கள், பெரியப்பா வந்தார். எல்லாம் முடிந்ததும் வாசலில், கைத்தடியை ஊன்றிக்கொண்டு, குழந்தையைப் பார்த்தபடி நின்றார். எதற்காக நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"மணி அடிச்சாச்சு," என்றேன். "கிளாஸுக்குப் போ."

அவள் ஓடினாள்.