டீச்சருக்குச் சித்தப்பாவையா, சித்தப்பாவுக்கு டீச்சரையா

என் சித்தப்பாவின் கல்யாணத்தை முடித்துவைத்தது என்னுடைய அரைகுறை இங்கிலீஷ்தான். பெரியவர்கள் யாரும் இன்றுவரை இதை ஒப்புக்கொண்டதில்லை.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது. தாம்பரத்தில் அம்மா வேலை பார்த்த பள்ளிக்கு மணிலாவிலிருந்து ஓர் ஆசிரியை ஓராண்டுக்கு வந்து, எங்கள் வீட்டுப் பக்கத்து அறையில் தங்கியிருந்தார். எனக்கு அவர் டீச்சர். அப்பாவின் தம்பியான சித்தப்பாவும் எங்களோடுதான் இருந்தார், ரயில்வேயில் வேலை. இங்கிலீஷ் பேப்பரை வரி விடாமல் படிப்பவர், டீச்சர் எதிரில் வந்தால் மட்டும் சாயங்காலத்தில் 'குட் மார்னிங்' சொல்வார்.

டீச்சரும் நானும் ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். நான் தமிழில் ஒரு வாக்கியம் சொன்னால் அவர் அதைத் தம் தகாலோக் மொழியில் சொல்வார். 'நாய் பூனையைத் துரத்தியது' என்றாலும் 'பூனையை நாய் துரத்தியது' என்றாலும் நமக்கு ஒன்றுதான். பூனைக்குப் பின்னால் ஒட்டிய 'ஐ' எல்லாவற்றையும் சொல்லிவிடும். அவர் மொழியிலோ பெயருக்கு முன்னால் 'ஆங்', 'நாங்' என்று குட்டிச் சொற்கள் வந்து நிற்கும். 'ஆங்' யாருக்கு முன்னால் நிற்கிறதோ அவரைப் பற்றித்தான் பேச்சு. அந்த மரியாதை துரத்திய நாய்க்கும் கிடைக்கும். வினைச்சொல்லைக் கொஞ்சம் மாற்றினால் துரத்தப்பட்ட பூனைக்கும் கிடைக்கும். இங்கிலீஷில் அதெல்லாம் இல்லை, முன்னால் நிற்பவர்தான் துரத்துவார் என்று டீச்சர் சொன்னார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. பூனைக்கு மரியாதை கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன்.

டீச்சர் ஊர் திரும்ப இரண்டு வாரம் இருந்தபோது, அவருக்குக் கடற்கரையைக் காட்டச் சித்தப்பா கிளம்பினார். துணைக்கு நான். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறியதிலிருந்து சித்தப்பா ஜன்னல் கம்பியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வந்தார். குரோம்பேட்டை தாண்டியதும் என் காதருகே குனிந்தார்.

"டீச்சர்கிட்ட ஒண்ணு சொல்லும்மா. உங்களைச் சித்தப்பாவுக்கு ரொம்பப் புடிச்சிருக்குன்னு சொல்லு."

"நீங்களே சொல்லுங்களேன்."

"எனக்கு வாயே வரல. அவங்க ஊருக்குப் போயிடுவாங்க. சொல்லு கண்ணு."

நான் சொல்லுக்குச் சொல் பெயர்த்தேன். 'உங்களை' என்றால் யூ. 'சித்தப்பாவுக்கு' என்றால் மை அங்கிள். இங்கிலீஷில் வினை நடுவில் வரும் என்று படித்திருந்ததால் 'லைக்'கை நடுவில் செருகினேன்.

"டீச்சர், யூ லைக் மை அங்கிள் வெரி மச்!"

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. "ஹூ டோல்ட் யூ?" என்றார். நான் பெருமையாகச் சித்தப்பாவைக் கை காட்டினேன்.

சித்தப்பா எழுந்தே நின்றுவிட்டார். "அடிப்பாவி, தலைகீழா மாத்திட்டியே! சாரி மேடம்... நாட் யூ... ஐ... ஐ லைக் யூ!"

ரயில் சத்தத்தையும் மீறி அது பெட்டி முழுக்கக் கேட்டது. கூடைக்காரம்மா ஒருத்தி, "இன்னா சார், தொரை பாசையிலே சண்டையா?" என்று சிரித்தாள். டீச்சர், எங்கள் வீட்டில் கற்ற தமிழில், மெதுவாக, "பாப்பா சொன்னது தப்பு இல்லை" என்றார்.

அதன்பின் இரண்டு குடும்பங்களுக்கும் நடுவே கடிதங்கள் பறந்தன. டீச்சர் ஊருக்குப் போய்த் தம் அப்பாவுடன் திரும்பி வந்தார். அடுத்த ஈஸ்டர் முடிந்ததும் எங்கள் சர்ச்சிலேயே கல்யாணம் நடந்தது. டீச்சர் எனக்குச் சித்தியானார்.

ஆனால் அன்று கடற்கரையில் எனக்கு ஒரே கோபம். மணலில் இருவருக்கும் நடுவே உட்கார்ந்து, அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று மாறி மாறி முகத்தைப் பார்த்தேன். யாரும் எதையும் சொல்லச் சொல்லவில்லை. தப்பாகப் பெயர்த்ததற்காக என் வேலையைப் பறித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மொழிபெயர்க்க ஒரு வார்த்தைகூட இல்லாமல் இரண்டு பேர் அவ்வளவு நேரம் எதற்காகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும் எனக்கு விளங்கவே இல்லை.