பாலை நிறுத்தச் சொன்னவர்கள்

என் மகள் ஏழு மாதக் கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. காலையில் ஆரம்பித்தது, மத்தியானத்துக்குள் துவண்டுபோனாள். வல்லத்துக்குப் பக்கத்தில், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் வைக்கும் குடும்பத்துக்கு நான் வாக்கப்பட்டு அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

"உன் பால்தான் சேரல. ஐஸ் தண்ணி குடிக்காதன்னா கேட்டியா?" என்று மாமியார் குழந்தையை என் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "இன்னிக்கு பால் குடுக்காத. வவுறு காயட்டும்."

கணவர் போனை நீட்டினார். வீடியோவில் யாரோ ஒரு ஆள் மாதுளம் தோல் கஷாயம் கொடு, பாலை நிறுத்து என்று பேசிக்கொண்டிருந்தான்.

"இவரு டாக்டரா?" என்று கேட்டேன்.

"எத்தினி பேரு லைக் போட்டுக்கீறாங்க பாரு. பன்னெண்டாவது படிச்சிட்டு நீ டாக்டரா?"

எனக்கும் உண்மையில் ஒன்றும் தெரியாது. தடுப்பூசி போடப் போன நாளில் நர்சிடம், "பேதியானா இன்னா பண்றது அக்கா?" என்று கேட்டிருக்கிறேன். "வரும்போது பாத்துக்கலாம், அடுத்த ஆள்" என்றுதான் பதில் வந்தது.

குழந்தை அழுதாள், கண்ணில் தண்ணீர் வரவில்லை. எனக்குப் பால் கட்டி மார்பு கல்லாய் வலித்தது. மாமியார் தோளிலிருந்து அவளை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

"போறவ அப்டியே அனந்தபுரத்துக்கே போயிடு!" அம்மா வீட்டைச் சொல்லி மாமியார் கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. கணவர் வாசலிலேயே நின்றார்.

செஞ்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா என்று குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். பால் கொடுக்கவில்லை என்று நான் சொன்னதும் பக்கத்திலிருந்த நர்ஸ் என் மேல் பாய்ந்தார்.

"பாலை ஏன் நிறுத்தன? இதுகூட தெரியாமதான் புள்ள பெத்துக்கிறீங்களா?"

"எங்களுக்கு யாரு சொன்னாங்க? ஊசி போட வரும்போது உங்கள்ல ஒருத்தராவது வாயத் தொறந்தீங்களா?"

"வாயப் பாரு" என்று உப்புக்கரைசல் பாக்கெட்டைக் கையில் திணித்தார். "கரைச்சிக் குடு."

"எவ்ளோ தண்ணியில?"

"கவர்ல போட்டிருக்கு, படி."

எறும்பு மாதிரி இங்கிலீஷ் எழுத்து. நான் நகரவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் திட்டினார்கள். "நீங்க சொல்ற வரைக்கும் போவ மாட்டேன்" என்றேன்.

கோபத்திலேயே சொன்னார்: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், முழுப் பாக்கெட், ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும், தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. வரிசையில் நின்ற பெண்களுக்கும் கேட்கட்டும் என்று நான் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். அவருக்கு அது இன்னும் எரிச்சல்.

வராண்டாவிலேயே உட்கார்ந்து ஊட்டினேன், பாலும் கொடுத்தேன். மத்தியானத்திலிருந்து ஒன்றுக்கே போகாதவள் சாயங்காலம் என் புடவையில் போனபோதுதான் எனக்கு அழுகை வந்தது. டாக்டர் மறுபடி பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார்.

வீட்டில் மாமியார், "நான் சுத்திப் போட்டேன், நின்னுடுச்சி" என்று எல்லோரிடமும் சொன்னார்.

அடுத்த மாதம் எதிர்வீட்டுக் குழந்தைக்குப் பேதியானது. மாமியார் அங்கே போய், பாலை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் போனேன்.

"நிறுத்தாத. நிறுத்தனா புள்ள செத்துடும்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"என்னை ஊர்ல பொய்க்காரி ஆக்குறியா?" மாமியார் என் முடியைப் பிடித்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். அந்தப் பெண் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே எங்கள் வீட்டில் அடுப்பு தனியானது. இன்றுவரை அவரும் நானும் பேசுவதில்லை.